ஏதுமலை

அந்த ஊருக்கு மலை வந்தது தபாலில். பழுப்பு உறைக்குள், நாற்பது பக்கப் புத்தகம் ஒன்றின் பதினேழாம் பக்கத்தில் உட்கார்ந்து வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் ஊர் இஸ்திரி போட்ட விரிப்பு மாதிரி தட்டையாகக் கிடந்தது. கிடக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வரவழைத்த புண்ணியவான், நகர அலுவலகத்தின் மூன்றாம் எண் கவுண்டர் குமாஸ்தா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் 'இல்லை சார்'. "ஃபாரம் இருக்கா சார்?" "இல்லை." "நாளைக்கு வருமா?" "இல்லை." ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் வந்து "மூணாம் நம்பர் குமாஸ்தா இருக்காரா?" என்று அவரிடமே கேட்க, வாய்ப்பழக்கத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டாராம். வந்தவரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இதில் பாதி இட்டுக்கட்டியதாக இருக்கலாம். மீதிப் பாதியே அவருக்குப் போதும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. எல்லா ஊர்களையும் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம். மக்கள் தொகை, பள்ளிக்கூடங்கள், குடிநீர்த் தொட்டிகள் என்று போய், கடைசியில் மூன்று கட்டங்கள்: 'இயற்கை எழில் மிக்க இடம், பேருந்து நிலையத்திலிருந்து தூரம், செல்வதற்கு உகந்த காலம்.' இல்லை சார் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. 'ஏதுமில்லை' என்று எழுதி, கீழே இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டுவிட்டு, மதிய உணவு டப்பாவைத் திறந்தார்.

அவர் கையெழுத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் எழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார். அது படிப்பவர்களின் பொறுப்பு என்பது அவர் கொள்கை. மேலே போடவேண்டிய கொக்கிகளையும் மனசிருந்தால் போடுவார். அன்றைக்கு மனசில்லை. 'மி' வெறும் 'ம' ஆயிற்று, 'ல்' வெறும் 'ல' ஆயிற்று. தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது 'ஏதுமலலை'. அங்கே அச்சுக்குத் தயார் செய்தவர் கடமையுணர்ச்சி உள்ளவர் போலிருக்கிறது. ஒரு 'ல' கூடுதலாக விழுந்துவிட்டது என்று நினைத்து அதை நீக்கினார். ஏதுமலை பிறந்தது. காலிக் கட்டங்களைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது போல. அதையும் தன் சொந்தப் பொறுப்பில் நிரப்பிவிட்டார். சரிபார்க்கச் சொல்லி வந்த மாதிரிப் படியில் இல்லை சார் 'சரி' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். படித்தாரா என்று கேட்காதீர்கள். அச்சாகி வந்த புத்தகமே இரண்டு வாரமாக உறை பிரிக்கப்படாமல் அவருடைய டீ கிளாஸைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். கழுத்தில் தொலைநோக்கி, கையில் மடக்கு நாற்காலி, தலையில் அகலத் தொப்பி.

"அண்ணே, ஏதுமலை எங்க இருக்கு?"

"இங்க ஏது மலை?" என்றார் டீக்கடைக்காரர்.

"அதேதாண்ணே. எந்தப் பக்கம் போகணும்?"

"எதுக்கு?"

"ஏதுமலைக்கு."

"அதான் சொல்றேனே, ஏது மலை!"

"பேரு எங்களுக்குத் தெரியுதுண்ணே. வழிதான் தெரியல."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைய பொழுது போயிற்று. டீக்கடைக்காரர் கடைசியில் கும்பிட்டுவிட்டு, "நேரா நகர ஆபீஸ் போங்க. மூணாம் நம்பர் கவுண்டர். இல்லைன்னா இல்லைன்னு தெளிவா சொல்ற மனுஷன் ஒருத்தர் இருக்கார்" என்று அனுப்பிவைத்தார்.

தெளிவாகத்தான் சொன்னார். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே "இல்லை" என்றார். தொப்பிக்காரர் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். 'ஏதுமலை: ஊரின் எழில்மிகு குன்று. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரம். ஆண்டு முழுவதும் சென்று மகிழலாம்.'

இல்லை சார் ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். 'ஏதுமலை'யில் விட்டுப்போன கொக்கியும் புள்ளியும் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குத் தெரிந்தன.

"இன்னைக்கு மூடியிருக்கு" என்றார்.

"மலையா?"

"பராமரிப்பு."

பக்கத்து மேஜையில் டைப்பிஸ்ட் அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் தட்டுவதை நிறுத்தினால் விஷயம் சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

இது சிரிப்போடு போயிருக்கும். மறுநாள் வந்த தொலைபேசிதான் கெடுத்தது. பேசியது தலைமை அலுவலகத்துத் துணை இயக்குநர். "பதினேழாம் பக்கத்துக்குப் படமே இல்லையே! ரெண்டாவது பதிப்புக்கு அட்டைல உங்க மலையப் போடலாம்னு இருக்கோம். சனிக்கிழமை காலைல நானே வந்து படம் எடுத்துக்கிறேன். அப்புறம், உங்க டிரான்ஸ்ஃபர் ஃபைல் என் மேஜைலதான் இருக்கு. கையோட எடுத்துட்டு வரேன். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன், சரியா?"

"சரிங்க மேடம்" என்றார் இல்லை சார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு வேகமாகச் சரி சொன்னதில்லை.

அந்த மாற்றலுக்கு அவர் பதினோரு வருஷத்தில் எட்டு மனுப் போட்டவர். எந்த சீட்டானாலும் சரி, தலைநகரம் என்றால் போதும். கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ போய், அங்கங்கே உள்ள கடற்கரையிலும் பாலத்தடியிலும் நின்று படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவர் அவர்களுடைய கைபேசிக் குழுவுக்குப் பதினோரு வருஷமாக அனுப்பியது 'காலை வணக்கம்' மட்டும். நாற்பத்தேழு வயதில் தான் ஒன்றுமாக ஆகாமல் போனதற்கு ஊரைத்தான் அவர் காரணமாக வைத்திருந்தார். "இந்த ஊர்ல என்ன இருக்கு?" என்று அவர் கேட்காத நாள் கிடையாது. ஊர் பதில் சொல்லும் வழக்கம் இல்லாததால் அது ஒருதலைப்பட்சமாகவே நடந்துகொண்டிருந்தது.

இப்போது உண்மை தெரிந்தால், படிக்காமல் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்கு ஒன்பதாவது மனுவே போடமுடியாது. சனிக்கிழமைக்குள் ஒரு மலை வேண்டும்.

டைப்பிஸ்ட் அம்மா யோசனை சொல்வதில் கஞ்சத்தனம் பார்க்கமாட்டார். "காண்ட்ராக்டர் யார்டுல ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க சார். நல்ல உயரம். மேல நாலு செடிய நட்டுட்டா யாருக்குத் தெரியப்போவுது?" வெளியில் சொல்லக்கூடாதுதான், ஆனால் மனுஷன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நிஜமாகவே போய்ப் பார்த்தார். உச்சியில் ஒரு நாய் படுத்திருந்தது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. புதன்கிழமை போனபோது மலையின் பாதியை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாய் மிச்சப் பாதியில் படுத்திருந்தது.

வீட்டில் சொல்லாமல் மூன்று நாள் ஓட்டினார். அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஊருக்கு 'வேனக்கா'. காலையும் மாலையும் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவருக்கு ஊரில் தெரியாத சந்து கிடையாது, எட்டாத செய்தியும் கிடையாது. புதன்கிழமை சாயங்காலம் வேனின் சீட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பபிள்கம்மைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்: "ஏங்க, மலை கிடைச்சுதா?"

"உனக்கு யார் சொன்னது?"

"எல்.கே.ஜி. புள்ளைங்களுக்கே தெரியும். 'உங்க அங்கிள் மலையத் தொலைச்சிட்டாராமே ஆண்ட்டி'ன்னு கேக்குதுங்க."

இல்லை சார் வேனின் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். வேனக்கா சுரண்டுவதை நிறுத்தவில்லை. இடையிடையே சிரித்ததுதான் கூடுதல்.

"சிரி. நல்லா சிரி. இந்தத் தட்டை ஊர்ல மலைக்கு நான் எங்க போவேன்?"

"யார் தட்டைன்னு சொன்னது?"

"நான் சொல்றேன். பொறந்ததுலேந்து இங்கதான் இருக்கேன்."

"இருந்தா மட்டும் போதுமா? வண்டி ஓட்டிப் பாருங்க தெரியும்." வேனக்கா சுரண்டியை நிமிர்த்திப் பிடித்தார். "ஐஸ் கம்பெனி தாண்டி பம்ப் ஹவுஸுக்கு ஒரு ரோடு போகுதுல்ல? அங்க நாலாவது கியர்ல போனா வண்டி இருமும். மூணாவதுல முனகும். ரெண்டாவது போட்டாத்தான் ஏறும். இந்த ஊர்ல நான் ரெண்டாவது கியர்ல ஓட்டுற இடம் அது ஒண்ணுதான். புள்ளைங்க தண்ணி பாட்டில் எல்லாம் உருண்டு கடைசி சீட்டுக்குப் போயிடும். தினம் ரெண்டு தடவை நான்தான் பொறுக்கிக் குடுக்கிறேன்."

"அது மலையா? வெறும் மேடு."

"வர்றது மேடம்தானே? மேடு போதும்."

தன் நகைச்சுவையைத் தானே ரசித்துவிட்டு வேனக்கா பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு இல்லை சார் சைக்கிளை எடுத்தார். கடைசியாக அந்தப் பக்கம் எப்போது போனார் என்று அவருக்கே நினைவில்லை. வீடு, அலுவலகம், டீக்கடை, வீடு. இருபது வருஷமாக ஊரின் ஒரே முக்கோணத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் கம்பெனி வரைக்கும் சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்டது. அதைத் தாண்டியதும் பெடல் கனத்தது. செயின் பழுதோ என்று குனிந்து பார்த்தார். செயின் நன்றாகத்தான் இருந்தது. கண்ணுக்கு ரோடு தட்டையாகவே தெரிந்தது. முழங்கால்தான் வேறு சொல்லிற்று. பாதியில் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது. தன் ஊருக்குள் மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடம் இருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

மேலே பம்ப் ஹவுஸ் சுவரோடு ரோடு முடிந்தது. காற்று அங்கேதான் குடியிருக்கிறது போல. கீழே ஓர் இலை அசையவில்லை. இங்கே சட்டைக் காலர் காதில் அடித்தது. திரும்பிப் பார்த்தார்.

உயரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மாடி இருந்தால் அதிகம். ஆனால் சுற்றிலும் எல்லாம் படுத்துக்கிடக்கும்போது இரண்டு மாடி போதுமானதாக இருந்தது. வாய்க்கால் ஊரை வளைத்துக்கொண்டு போகும் வரைபடத்தில் அவர் ஆயிரம் தடவை முத்திரை குத்தியிருக்கிறார். அது இப்படி வெயிலை வாரி இறைத்துக்கொண்டு போகும் என்று எந்த வரைபடத்திலும் போட்டிருக்கவில்லை. கரையில் நாணல் பூத்து, காற்று தடவும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளுத்தது, மறுபடி நிமிர்ந்து பச்சையாயிற்று. மொட்டைமாடிகளில் நீலத் தொட்டிகள், கொடியில் யாருடையதோ சிவப்புப் போர்வை. கொக்குகள் ஐந்தாறு, அலுவலகத்துக்கு நேரமான மாதிரி, ஒரே வரிசையில் பறந்து போயின. அவர் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டு நின்றார். அப்படி அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

ஒருவர் பார்த்துவிட்டார்.

"என்ன சார், ரெக்கார்டுல இல்லாத எடத்துல வந்து நிக்கிறீங்க?"

பம்ப் ஹவுஸ் நிழலில் கவிழ்த்த பக்கெட்டின்மேல் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், நர்ஸம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். இல்லை சாருக்கு அவரை ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த அம்மா கவுண்டருக்கு ஒரு மனுக் கொண்டுவந்தார். முட்டி வலிக்கிறது, பம்ப் ஹவுஸ் மேட்டில் ஒரு பெஞ்ச் போட்டுத்தாருங்கள் என்று. இல்லை சார் பதிவேட்டைப் புரட்டினார். மேடு என்று ஒன்று அதில் இல்லை. 'அப்படி ஓர் இடம் பதிவில் இல்லை' என்று மனுவின் முதுகில் எழுதி முடித்துவைத்தார்.

"முட்டி வலிம்மா உங்களுக்கு. இந்த ஏத்தம் ஏறி ஏன் வரீங்க?" என்றார்.

"ஏத்தமா? எங்க சார் ஏத்தம்? நீங்கதான் இல்லைன்னுட்டீங்களே. நான் சமதரையில நடந்துதான் வந்தேன். என் முட்டிக்குத்தான் அது புரியல."

இல்லை சார் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

"பக்கெட்ட தினமும் வீட்லேந்து தூக்கிட்டு வரீங்களா?"

"இல்ல, பம்ப் ஆபரேட்டரோடது. எட்டு மணிக்கு அவருக்குத் திருப்பிக் குடுத்துடணும். குளிக்கணும்ல அவரு?"

அன்றைக்கு அவர் அலுவலகத்துக்கு இருபது நிமிஷம் தாமதம். அதற்கே டைப்பிஸ்ட் அம்மா இரண்டு பேருக்குத் தொலைபேசினார். நாள் முழுக்க மனுஷன் ஒரு மாதிரியாக இருந்தார். யாருக்கும் இல்லை சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து, எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்த்தார். பார்த்தால், பாதி சமாசாரம் இருந்தது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை. இருபது வருஷத்தில் எத்தனை பேருக்கு, எத்தனை தடவை, தலையை நிமிர்த்தாமலே சொல்லியிருக்கிறோம் என்று ஒரு கணக்கு மனசுக்குள் தானாக ஓட ஆரம்பித்தது. கவுண்டருக்கு வந்தவர்களை விடுங்கள். கூடப் படித்தவர்கள் ஓட்டப்பந்தயக் குழு ஒன்று ஆரம்பித்துக் கூப்பிட்டது, வேனக்கா வேன் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்றது, ஒரு வருஷம் யாரோ அலுவலகத்துக்கே வந்து புல்லாங்குழல் வகுப்பில் சேரச் சொன்னது. எதையும் அவர் யோசித்து மறுத்த மாதிரி நினைவில்லை. பார்க்காமலே மறுத்ததுதான். அதையெல்லாம் ஊர் தரவில்லை என்று ஊர்மேல் எழுதி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மறுபடி மேட்டுக்குப் போனார். தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார், இருந்ததும் உண்மை. மேடம் பெயர்க்காரணம் கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை வேண்டுமே. பக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை தயார் செய்தார். ஏது என்று ஓர் அரசன். போரில் தோற்று, இந்தக் குன்றில் ஏறி நின்று, இழந்த நாட்டைப் பார்த்து அழுதான். அதிலிருந்து ஏதுமலை. நர்ஸம்மாவுக்கும் சொல்லிக் காட்டினார்.

"ராஜாவுக்கு இங்க உக்கார என்ன போட்டாங்களாம்?" என்று மட்டும் கேட்டார் நர்ஸம்மா.

அன்று மத்தியானம் இல்லை சார் மூன்று வருஷத்து மனுவைத் தூசி தட்டி எடுத்து, தன் குறிப்பைக் கோடு போட்டு அடித்து, 'இடம் நேரில் பார்வையிடப்பட்டது. பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி மேலே அனுப்பினார். எல்லா எழுத்துக்கும் புள்ளி இருந்ததாக டைப்பிஸ்ட் அம்மா சத்தியம் செய்கிறார்.

சனிக்கிழமை மேடம் பேருந்தில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். தோளில் பை, காலில் ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ. பள்ளி விடுமுறை என்பதால் வேனக்கா வேனோடு தயார்.

"எங்க மலை? பஸ்லேந்து பார்த்துக்கிட்டே வந்தேன், கண்ணுல படவே இல்லையே" என்றார் மேடம்.

"அடக்கமான மலைங்க மேடம்" என்றார் வேனக்கா, கண்ணாடியில் கணவனைப் பார்த்துக்கொண்டே.

ஐஸ் கம்பெனி தாண்டியது. வேன் இருமியது. வேனக்கா கியரை மாற்றினார், தேவைக்கு மேலாகவே சத்தம் வரும்படி. யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன பாட்டில் சீட்டுக்கடியில் கடகடவென்று பின்னால் உருண்டது. மேடம் திரும்பிப் பார்த்தார்.

மேலே இறங்கியதும் மேடம் சுவரோரம் போய் நின்றார். காற்றில் பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார், மறுபடி பறக்கவிட்டார். நாணல் அன்றைக்கென்று வெள்ளமாய் வெளுத்துக்கொண்டிருந்தது. இரண்டு மீன்கொத்திகள் வாய்க்கால் கம்பியில் உட்கார்ந்து ஏதோ குடும்பத் தகராறு. மேடம் இருபது படம் எடுத்திருப்பார். பிறகு வேனின் முன்பக்கத்தில் கோப்பைப் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்து, பேனாவைத் திறந்தார்.

"மலைன்னு சொல்றது ரொம்பவே அதிகம்தான். ஆனா இடம் அருமையா இருக்கு. பரவாயில்ல, குன்றுன்னு போட்டுக்கலாம். இந்தாங்க, உங்க ஆர்டர், போட்டுடறேன். படத்துக்குக் கீழ ஒரு வரி வேணும். ஏதுமலைன்னு ஏன் பேர் வந்துச்சு?"

இல்லை சார் வாயைத் திறந்தார். அரசன் தயாராக இருந்தான். போரும் தயார், கண்ணீரும் தயார். பேனா முனை தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. பதினோரு வருஷம் அந்த ஒரு விரல்கடைக்குள் இருந்தது.

அவர் கீழே பார்த்தார். கூரைகளுக்கு நடுவே நகர அலுவலகத்தின் மஞ்சள் சுவர் தெரிந்தது. அதில் மூன்றாவது ஜன்னல் அவருடையது. இங்கிருந்து அது தெரிகிறது என்றால் அங்கிருந்து இது தெரிந்திருக்கும். இருபது வருஷமாக இந்த மேடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதைப் போய் ஒரு தோற்றுப்போன அரசனுக்கு எழுதிக்கொடுப்பதா?

"பேர் வரல மேடம்" என்றார். "நான் எழுதினது ஏதுமில்லைன்னு. கொக்கி போடல, புள்ளி வைக்கல. அங்க மலைன்னு படிச்சுட்டாங்க. சரிபார்க்க வந்தப்போ நான் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். இந்த இடத்த நான் முதல் தடவையா பார்த்தது முந்தாநாள்தான்."

மேடம் பேனாவை மூடவில்லை. வேனக்கா வேனின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"எந்த சீட்டானாலும் சரின்னு மனு போட்டீங்களே, என்ன சீட்டு ஒதுக்கியிருக்கோம்னு தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"புத்தகப் பிரிவுல. பிழைதிருத்தம்."

வேனக்காவால் அடக்கமுடியவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று குலுங்கினார். மேடமின் உதட்டோரம்கூட ஒரு தரம் அசைந்தது. ஆனால் பேனாவை மூடிவிட்டார்.

"இத நான் கையெழுத்துப் போட முடியாது, புரியுதுல்ல? மெமோவும் வரும். பதில் எழுதணும். புள்ளி வெச்சு எழுதுங்க."

"சரிங்க மேடம்."

மடக்கிய கோப்பு பைக்குள் போனது. இல்லை சார் அது போகும் வழியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். வலிக்கத்தான் செய்தது. நாற்பத்தேழு வயதில், கண்முன்னால், பட்டப்பகலில் ஒரு தலைநகரம் பைக்குள் போவது சாதாரண விஷயமா?

"இப்போ பதினேழாம் பக்கத்துக்கு நான் என்ன செய்ய?" என்றார் மேடம். "படம் நல்லா வந்திருக்கு. நீக்க மனசு வரல. சரியான விவரம் குடுங்க, போடறேன். பேரு, தூரம், போறதுக்கு உகந்த காலம். திங்கட்கிழமைக்குள்ள அனுப்ப முடியுமா?"

"பேர் பம்ப் ஹவுஸ் மேடு. தூரம் இன்னைக்கே அளந்து சொல்லிடறேன்." இல்லை சார் தயங்கினார். "காலம்தான் மேடம், திங்கட்கிழமைக்குள்ள முடியாது."

"ஏன்?"

"நான் பார்த்ததே மூணு காலைதான். சாயங்காலம் எப்படின்னு தெரியாது. மழை வந்தா வாய்க்கால் எவ்வளவு தூரம் ஏறும்னு தெரியாது. நாணல் காய்ஞ்சப்புறம் இங்க என்ன இருக்கும்? அந்தக் கொக்குங்க வருஷம் பூரா இருக்குமா, இல்ல போய்ட்டு வருமா? எல்லாம் பார்த்துட்டுத்தானே எழுதணும்? ஒரு வருஷம் ஆகும்."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டாவது பதிப்பு அடுத்த வருஷம்தான். ஆனா நான் ஃபோன் பண்ணிக் கேட்பேன்."

"கேளுங்க மேடம்."

பக்கெட்டில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா மேடமைத் தன்னுடன் நடந்து இறங்கும்படி கூப்பிட்டார். வழியில் சொல்ல நிறைய இருக்கிறதாம். பெஞ்ச் விவகாரமாகத்தான் இருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். இல்லை சார் வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"போச்சா?" என்றார் வேனக்கா.

"போச்சு."

"அழறதா இருந்தா இப்பவே அழுதுடுங்க. டீக்கடை வந்துட்டா முடியாது."

"நீ ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்க?"

"அங்க வேன் நிறுத்த இடமே கிடையாதாம். நான் எப்பவோ விசாரிச்சுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எட்டு மனுவா யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

இல்லை சார் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் வேன் சரிவில் நழுவத் தொடங்கியது, வழியோரத்து மரமொன்று தாழ்ந்த கிளையால் கூரையைத் தட்டியது, மஞ்சள் பூ நாலைந்து ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது.

"நிறுத்து, நிறுத்து."

"இப்ப என்ன?"

"இது என்ன மரம்?"

வேனக்கா பிரேக்கைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "தெரியலையே. தினம் கூரைல இடிக்குது, கிளைய வெட்டச் சொல்லி உங்க ஆபீஸுக்கு மனு குடுக்கணும்னு நினைச்சிருக்கேன். பேர் கேட்டதில்ல."

"வெட்ட வேண்டாம். இரு, பார்த்துட்டு வரேன்."

இறங்கிப்போய் மரத்தைச் சுற்றி வந்தார். பட்டையைத் தடவினார், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார், தும்மினார். பின்னால் பம்ப் ஆபரேட்டரின் மூன்றுசக்கர வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. வேனக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"என்ன தம்பி அவசரம்? மலைப்பாதை. மெதுவாத்தான் வரணும்."